பதினெட்டுக்கு அப்புறம் துரிக்கு என்ன ஆச்சு

எடிட்டர் ஜின்னின் செய்தி வந்தபோது என் கையில் ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை இருந்தது. வாங்கியவர் திருப்பி அனுப்பியது. காரணம் எழுதும் இடத்தில், "படத்துல பாத்தப்ப வேற மாதிரி இருந்துச்சு" என்று எழுதியிருந்தார். எனக்கு நாள் முழுக்க இதுதான் வேலை. இணையத்தில் துணி விற்கும் கம்பெனிக்குத் திரும்பி வரும் பொட்டலங்களைப் பிரித்து, காரணத்தைப் படித்து, அளவு சரியில்லை, நிறம் சரியில்லை, தையல் சரியில்லை என்று அந்தந்தப் பெட்டியில் போட வேண்டும். எந்தப் பெட்டி நிறைகிறதோ அதைப் பார்த்துத் தைக்கிறவர்கள் தவறைத் திருத்துவார்கள். எனக்கு இந்த வேலை பிடிக்கும். யார் என்ன குறை சொன்னாலும் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது.

செய்தி இதுதான்: "சோதாம் எழுத்தாளரே, முப்பது அத்தியாயமும் படிச்சு முடிச்சிட்டேன். உங்க கதைய எடுத்துக்கறதா வேணாமான்னு வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிடுவோம். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதினெட்டாவது அத்தியாயத்துக்கு அப்புறம் துரிக்கு என்ன ஆச்சு?"

துரி என் கதையின் நாயகன். பதினைந்து வயது. டிராகன்கள் கடிதம் சுமக்கும் ஒரு மலை நாட்டில், தபால் கொட்டிலின் கடைசி வரிசையில் நிற்கிற பையன். அவனுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது பூசணி என்ற கிழட்டு டிராகன். இந்தக் கதையை ஓர் இலவசத் தளத்தில் செவ்வாய் தவிர தினமும் மாலை ஆறு மணிக்கு ஓர் அத்தியாயமாகப் போட்டு வந்தேன். படிக்கிறவர்கள் கீழே கருத்து எழுதுவார்கள். கூட்டம் சேர்ந்தால் ஏதாவது ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டு, அடுத்த அத்தியாயத்திலிருந்து காசுக்கு விற்கும். கேட்ட பதிப்பகம் ஜின்னுடையது ஒன்றுதான். இதற்கு முன் இரண்டு கதைகளை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவள் நான். இதுவும் வேண்டாம் என்றால் எனக்கு எழுத வராது என்று ஒப்புக்கொண்டு, மாலையில் போகும் எழுத்து வகுப்பையும் விட்டுவிடுவது என்று எனக்குள் தீர்மானித்திருந்தேன். அந்தத் தீர்மானத்தை யாரிடமும் சொல்லவில்லை.

துரிக்கு என்ன ஆச்சு என்றால்? ஒன்றும் ஆகவில்லை. அவன் தேறியிருக்கிறான், அவ்வளவுதான். அவனிடம் யார் யார் என்ன குறை கண்டார்களோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக நான்தான் திருத்தினேன். பின் ஏன் அந்தக் கேள்வி சட்டைக்குள் போன முடி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது என்று புரியவில்லை. பச்சைச் சட்டையைத் தையல் பெட்டியில் போட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் அதை எடுத்து நிறப் பெட்டிக்கு மாற்றி, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று செவ்வாய்க்கிழமை. வகுப்பு இருந்தது. சுவோன் நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால், கோழி பொரிக்கிற கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். எங்கள் வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் "எழுத்தாளரே" என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு வரிகூட அச்சில் வராதவர்களுக்கும் அதுதான் மரியாதை. முதல் வாரம் யார் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

"எழுத்தாளரே, மூஞ்சி ஏன் வெந்த பீட்ரூட் மாதிரி இருக்கு?" என்றான் குன்ஹோ. பழைய கார் விற்கிறவன். அவனுடைய நாயகன் செத்துப் பிழைத்து வந்து எல்லோரையும் வெட்டிப்போடுகிறவன். அத்தியாயத்துக்கு மூன்று தலையாவது உருளும்.

செய்தியைக் காட்டினேன். அவன் சத்தமாகப் படித்தான். படிக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மா டீச்சர் வரைக்கும் கேட்டுவிட்டது. மா டீச்சர் எங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே மடிக்கணினியில் தன்னுடைய அன்றைய அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். அன்றும் நிமிராமல், "நல்லதாப் போச்சு. இன்னிக்கு உங்க கதையத்தானே அலசணும்? ஆரம்பிங்க" என்றார்.

நான் தயாராக வந்திருந்தேன். வாசகர் கருத்துகளை எல்லாம் அச்செடுத்து, அலுவலகத்தில் செய்கிற மாதிரியே காரணவாரியாகப் பிரித்து ஒட்டியிருந்தேன். அதை மேஜையில் விரித்து விளக்கினேன்.

"நாலாவது அத்தியாயத்துல துரி தன்னோட கொழுக்கட்டைய பூசணிக்குக் குடுத்துட்டு, சாப்டாச்சுன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்வான். அதுக்கு நெறய குறை வந்துச்சு. ஏழுல, கொட்டில் தலைவர் முன்னாடி எப்படிப் பேசணும்னு பூசணி முன்னாடி நின்னு ஒத்திக பாக்கறப்ப தண்ணித் தொட்டிக்குள்ள விழுவான். அதுக்கும் குறை. பதினொண்ணுல பறக்கறப்ப பயந்து கண்ண மூடிக்குவான். பதினஞ்சுல, தன்ன அடிச்சவன்கிட்டயே போய் மன்னிப்பு கேப்பான், யாராவது கோவமா இருந்தா அவனுக்குத் தூக்கம் வராது. அதுக்குத்தான் எக்கச்சக்கமா வந்துச்சு. பதினெட்டுல இருந்து எல்லாத்தயும் சரி பண்ணிட்டேன். ஒழுங்கா சாப்பிடறான். கண்ணத் தொறந்து பறக்கறான். இருபதுல அடிச்சவனத் திருப்பி அடிச்சிட்டான்."

"இருபது எனக்குப் பிடிச்சுது. சோடா குடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றான் குன்ஹோ.

"அதுக்கப்புறம் குறையே வரல" என்றேன். "பாருங்க, இந்தப் பக்கம் காலியா இருக்கு. வர்றதெல்லாம் 'நன்றி', 'நல்லா இருந்துச்சு', அவ்ளோதான்."

மா டீச்சர் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "பதினேழு படிச்சவங்கள்ல எத்தன பேர் முப்பதுக்கு வந்தாங்க?"

"பாதி."

"பாதியா!"

"பரீட்சை நேரம்னு நெனச்சேன்..."

"பரீட்சையா! உங்க வாசகருங்க பாதிப்பேர் பேரன் பேத்தி எடுத்தவங்க, எழுத்தாளரே" என்றான் குன்ஹோ. "எந்தப் பரீட்ச, சர்க்கர பரீட்சையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, வாசகர் தொண்ட அடைக்கக் கூடாதுன்னு" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கூடுதலாக உயர்ந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் சர்க்கரைவள்ளிக் கிழங்கை விழுங்கின மாதிரி ஒரு கதை நெஞ்சை அடைத்தால் வாசகர் இறங்கிப் போய்விடுவார், உடனே சோடா கொடுத்துவிட வேண்டும் என்று அவர்தான் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அதை வரிக்கு வரி எழுதி வைத்திருந்தேன்.

"சொன்னேன். இப்பவும் அதத்தான் சொல்வேன்" என்றார் டீச்சர். "ஆனா நீங்க கிழங்கோட சேத்து பையனயும் எடுத்துட்டீங்களோ என்னவோ. தெரியல. அந்தக் கருத்துங்கள யாராவது படிங்க."

குன்ஹோ தாளை இழுத்து, அடிதடிப் படத்தின் வில்லன் குரலில் படித்தான். "'டேய் நீ மொதல்ல தின்னுடா! அந்தக் கிழட்டு மிருகம் உன்னவிடப் பத்து மடங்கு இருக்கு!' எழுதினது ஆரஞ்சுத்தோல்னு ஒரு வாசகர்."

"இவரு எல்லா அத்தியாயத்துலயும் திட்டுவாரு" என்றேன். "பதினெட்டுக்கு அப்புறம் அடங்கிட்டாரு."

"குடு இங்க" என்றார் யோம் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். கல்யாண மண்டபத்தில் மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவர். இளவரசிகள் ஒருவர் குழியில் ஒருவர் விழும் அரண்மனைக் கதை எழுதுகிறார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதே வரியைப் படித்தார். "டேய்... நீ மொதல்ல தின்னுடா."

அதே எழுத்துகள்தான். ஆனால் அவர் படித்தபோது, யாரோ ஒருவர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அடுத்தது" என்று அக்கா தொடர்ந்தார். "'கண்ணத் தொறடா லூசு, மலை வருது.' அடுத்தது. 'அய்யோ, இவன் மானத்த வாங்கறானே, என்னால பாக்க முடியல.' ஏம்மா, இதயெல்லாம் நீ குறைன்னா ஒட்டி வெச்சிருக்க?"

"திட்டித்தானே இருக்காங்க?"

"மண்டபத்துல பொண்ணுக்குக் கொண்ட போடறப்ப அவ அம்மா பக்கத்துல நின்னு திட்டிக்கிட்டே இருப்பா. நிமிந்து உக்காரு, முதுகு கூன் போடாத, லிப்ஸ்டிக்க நக்காதன்னு. எனக்கு அந்த அம்மாங்கள பத்தி கவலையே கிடையாது. ஒரு மூலயில உக்காந்து, 'நல்லா இருக்கு, நன்றி'ன்னு சொல்றா பாரு, அவளப் பாத்தாத்தான் இந்த வீட்ல என்ன நடந்துச்சோன்னு எனக்கு வயித்தக் கலக்கும்."

"அப்ப என்னத் திட்டற வாசகருங்கல்லாம் எங்கம்மாவா, அக்கா?" என்றான் குன்ஹோ.

"உன் ஆளு அடிக்கறதுக்குன்னே பொறந்தவன். அவனுக்கு ஏதுடா அம்மா?"

எனக்கு அது அவ்வளவு எளிதில் இறங்கவில்லை. ஒருவர் நல்ல வார்த்தை சொன்னால் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், எங்கேயாவது கிழிந்திருக்கும் என்று. "திட்டெல்லாம் பாசம்னு வெச்சுக்க முடியாதுக்கா" என்றேன். "'எழுத்தாளருக்கு மூள இருக்கா?'ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. அதுவும் பாசமா?"

யோம் அக்கா தாளைத் தேடி அந்த வரியைப் பார்த்தார். "அது உனக்கு எழுதினது. இது துரிக்கு எழுதினது. ரெண்டயும் ஏன் ஒரே எடத்துல ஒட்டின?"

தாளை என் பக்கம் இழுத்து, பேனாவை எடுத்து, எனக்குச் சொன்னது, அவனுக்குச் சொன்னது என்று பிரித்துக் குறிக்க ஆரம்பித்தேன். கீழேயிருந்து எண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. அடுத்தவரின் கதையை அலச ஆரம்பித்துவிட்டார்கள். நான் குறித்துக்கொண்டே போனேன். பதினேழு வரைக்கும் பெரும்பாலானவர்கள் அவனிடம்தான் பேசியிருந்தார்கள், அவன் காதில் விழும் என்பதுபோல. தின்னுடா, தொறடா, அழாதடா, ஏண்டா இப்படி இருக்க. பதினெட்டில் நான்கைந்து பேர். இருபதில் எக்கச்சக்கமான கைதட்டல், ஆனால் அதெல்லாம் எனக்கு: அருமை எழுத்தாளரே, அப்படித்தான் எழுத்தாளரே. இருபத்திரண்டுக்கு மேல் அவனிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுடைய அமைதியை நான் திருப்தி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் அப்படித்தான், திரும்பி வராத சட்டை பிடித்துப்போன சட்டை.

இருபத்து மூன்றில் ஆரஞ்சுத்தோல் எழுதியிருந்ததையும் பார்த்தேன். எங்கள் வாசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கதையை விட்டுவிடுகிறவர்கள், பேருந்தில் இருந்து இறங்குகிறவர்கள் மாதிரி, இந்த இடத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் எழுதியிருந்தது: "நல்ல வீரன். நான் இங்க இறங்கிக்கறேன். கோவமெல்லாம் இல்ல." அதை நான் 'பாராட்டு' என்ற தலைப்பில் ஒட்டியிருந்தேன்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது மா டீச்சரிடம் கேட்டேன். "பழசையெல்லாம் திருத்திடலாமா டீச்சர்? பதினெட்டுல இருந்து?"

"செய்யாதீங்க. படிச்சத மாத்தினா இருக்கற பாதியும் ஓடிரும்."

"அப்ப முப்பத்தொண்ணுல இருந்து மாத்தினா?"

"கைல எவ்ளோ இருப்பு வெச்சிருக்கீங்க?"

"பத்து."

எழுதி முடித்து, நேரம் குறித்து, தானாகவே ஏறும்படி வைத்திருந்த அத்தியாயங்கள் அவை. நான் ஒருநாள் காய்ச்சலில் விழுந்தாலும் துரி ஆறு மணிக்கு வந்துவிடுவான். அந்தப் பத்தில் அவன் இரண்டு போட்டிகளில் ஜெயித்து, தலைவரின் வலதுகையாகிவிடுவான்.

"எல்லாம் வெற்றிதானே? அப்ப தொடாதீங்க" என்றார் டீச்சர். "வெள்ளிக்கிழம வரைக்கும் அப்படியே போகட்டும். மீட்டிங்குக்கு முன்னாடி யாரும் வீட்டு சுவர இடிக்க மாட்டாங்க." ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "ஆனா நான் சொல்றதும் தப்பா இருக்கலாம். என்னோட போன கதைய நானே கெடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

புதன்கிழமைக்கு என்று குறித்திருந்த முப்பத்தொன்றாவது அத்தியாயத்தையும் அதற்கடுத்தவற்றையும் காலையில் எழுந்ததும் நிறுத்தினேன். 'இன்று கதை இல்லை, நாளை உண்டு, மன்னிக்கவும்' என்று ஓர் அறிவிப்பு போட்டேன். போட்ட மறு நிமிடமே எடுத்துவிடலாமா என்று இருந்தது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

மதிய இடைவேளையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கிம்பாப் சோற்றுச் சுருளை ஒரு கையில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். முதலில் துரிக்குப் பழைய பயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். திடீரென்று உயரத்தைப் பார்த்துக் கண்ணை மூடினான். பொய்யாக இருந்தது. தன்னை அடித்தவனையே திருப்பி அடித்தவன் இப்போது ஏன் நடுங்குகிறான்? எழுதியதை அழித்தேன். பிறகு கொழுக்கட்டையைப் பூசணிக்குக் கொடுக்க வைத்தேன். அதுவும் பொய். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்து கொடுக்கிற மாதிரி இருந்தது. நாலாவது அத்தியாயத்தில் அவன் அதை ஒளித்துக் கொடுத்தான். வாசகருக்கு மட்டும்தான் தெரியும். கொட்டிலில் இருந்த ஒருவருக்கும் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரிந்ததால்தான் அவர்கள் அவனை உரிமையோடு திட்டினார்களோ என்று தோன்றியது. பிறகு அதுவும் சந்தேகமாக இருந்தது. ஒளித்துக் கொடுக்கிற பையன்கள் ஆயிரம் கதைகளில் இருக்கிறார்கள்.

மாலை வரைக்கும் தப்பான பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர், "சோதாம், ஒடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போ. சரியா இருந்தா இங்க இரு. ரெண்டுக்கும் நடுவுல நிக்காத" என்றார்.

ரயிலில் திரும்பி வரும்போதுதான் வேறொன்றை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். துரியை வாசகர்கள் மட்டுமா திட்டினார்கள்? கதைக்கு உள்ளேயும் எல்லோரும் திட்டினார்கள். கொட்டிலின் சமையற்காரி திட்டினாள். தலைவர் திட்டினார். அடித்தவனும் திட்டினான். அவன் தேறின பிறகு அவர்களும் நிறுத்திவிட்டார்கள். நான் எதையும் யோசிக்காமல், திட்டுவதற்குக் காரணம் இல்லாததால், அவர்கள் வாயை மூடிவிட்டிருந்தேன். அதை துரி கவனித்திருப்பானா?

கவனித்திருப்பான் என்றால், பதினெட்டிலிருந்து முப்பது வரைக்கும் நடந்தது என் தவறு இல்லை, அவனுடையது. எல்லோருடைய திட்டுக்கும் பயந்து, ஒவ்வொன்றாகத் தன்னிடமிருந்து எடுத்து எறிந்துவிட்டு நிற்கிறான். பழையதை ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை எழுந்து எழுதினேன். போட்டியில் ஜெயித்துவிட்டுத் துரி சாப்பாட்டுக்கூடத்துக்கு வருகிறான். சமையற்காரி நிறைந்த தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போகிறாள். அவன் சாப்பிடுகிறான். இறங்கவில்லை. அவள் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று வேண்டுமென்றே கஞ்சியைக் கொட்டுகிறான். அவள் வந்து, "பரவாயில்லீங்க" என்று துடைத்துவிட்டுப் போகிறாள். 'ங்க' என்று அவள் அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் பூசணியின் கொட்டிலுக்குப் போகிறான். பூசணி தலையைத் தூக்கவில்லை, வழிவிடவும் இல்லை. அவன் உள்ளே நுழையப் பார்க்கிறான், பூசணி உறுமுகிறது. அதனால் வெளியே, பனி கட்டிய தரையில், போர்வை இல்லாமல் படுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். ஒருவரும் வரவில்லை. அவன் அழவும் இல்லை. தலைவர் முன்னால் என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறான், பெயருக்கு அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. அங்கே நிறுத்தினேன்.

மாலை ஆறு மணிக்கு அது ஏறியது. ஏழு மணிக்கு வகுப்பு. குன்ஹோ என் தொலைபேசியை மேஜை நடுவில் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை திரையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"வந்துருச்சு!"

"படிடா" என்றார் யோம் அக்கா.

"'ஜெயிச்சவன எதுக்குத் திரும்பக் குப்பைல போடறீங்க, எழுத்தாளரே? நெஞ்ச அடைக்குது. இறங்கறேன்.'"

"அடுத்தது."

"'போன வாரம் வரைக்கும் நல்லா போயிட்டிருந்துச்சு.' அடுத்தது... 'கஞ்சிய ஏன் கொட்டினான்? புரியல.'"

மூன்றுமே எனக்கு. மா டீச்சர் நிமிராமல் தன் அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். குன்ஹோ மறுபடி திரையை இழுத்தான். நான் தொலைபேசியைப் பிடுங்கிப் பையில் போட்டேன். பை மடியில் இருந்தது. அன்று வகுப்பில் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. யோம் அக்கா போகும்போது ஒரு பொட்டலம் பொரித்த கோழியை என் கையில் திணித்து, "தனியா திங்கணும், யாருக்கும் குடுக்கக் கூடாது" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் எடிட்டர் ஜின் கூப்பிட்டார். செய்தி அனுப்புவார் என்றுதான் நினைத்திருந்தேன். தொலைபேசியில் கூப்பிட்டால் நல்லதா கெட்டதா என்று தெரியாமல், பொட்டலங்கள் அடுக்கிய சந்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

"எழுத்தாளரே, நேரடியா சொல்லிடறேன். வேணாம்னு முடிவாயிடுச்சு."

"சரிங்க."

"முப்பது வரைக்கும் வெச்சுத்தான் பேசினோம். வர்றவங்க எண்ணிக்க இப்படிக் கொறையறப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நான் பேசிப் பாத்தேன்."

"புரியுதுங்க. நன்றி." நான் சொல்லிக்கொண்டது எனக்கே தூரத்தில் கேட்டது. வகுப்பை விடுவதென்றால் அடுத்த மாதத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று மனம் தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது.

அவர் வைத்துவிடவில்லை. மறுமுனையில் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நேத்து வந்த அத்தியாயத்த மீட்டிங்ல எடுத்துக்கல. அது வேற. காலைல ரயில்ல வர்றப்பதான் படிச்சேன்."

"ஆமாங்க. பலருக்குப் பிடிக்கல."

"அந்தப் பய எதுக்குங்க வெளிய படுத்தான்?" என்றார். குரல் மாறியிருந்தது. "பனி கொட்டுது. உள்ள வைக்கோல் இருக்கில்ல? அது உறுமினா உறுமிட்டுப் போகுது, வயசான டிராகன், பல்லு கூட இல்ல அதுக்கு. பேசாம காலுக்குப் பக்கத்துல போய்ச் சுருண்டுக்க வேண்டியதுதானே? அவன்கிட்ட சொல்லுங்க, அது கடிக்காதுன்னு..."

நிறுத்திவிட்டார். ஓர் எடிட்டர் அப்படிப் பேசியதற்கு அவர்தான் வெட்கப்பட வேண்டும், ஆனால் என் முகம்தான் சூடாகியிருந்தது.

"மன்னிச்சிடுங்க" என்றார். "எங்க முடிவு மாறல. அதத் தெளிவா சொல்லிடறேன்."

"தெரியுதுங்க."

"இன்னிக்கும் ஆறு மணிதானே?"

இருப்பில் இருந்த பத்து அத்தியாயங்களையும் காலையில் அழித்திருந்தேன். அவற்றை விட்டிருந்தால், பனியில் படுத்தவன் அடுத்த நாளே போட்டிக்குப் போய் ஜெயித்திருப்பான். முப்பத்திரண்டாவது என்று ஒன்று எங்கேயும் இல்லை.

"ஆறு மணிதாங்க" என்றேன். "அவன்கிட்ட சொல்றேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு சந்திலிருந்து வெளியே வந்தேன். மதிய மணி அடித்தது. மற்றவர்கள் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். நான் நிறப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். எடிட்டர் சொன்னதை வரிக்கு வரி துரிக்குச் சொன்னேன்: உள்ளே போ, அது கடிக்காது, காலுக்குப் பக்கத்தில் சுருண்டுகொள். அவன் கேட்கிற பையன் இல்லை. வேறு என்ன செய்வான் என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆறு மணிக்குள் தெரிந்தாக வேண்டும்.